தீவிரவாதத் தாக்குதல் நேரத்தில் ஊடகம்: எதைக் கட்டுப்படுத்தலாம், எதைக் கட்டுப்படுத்தவே கூடாது?

(நமது தகவல் தொழில்நுட்ப அணியின் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிச்சிட்டுப் பகிருங்க தோழர்களே.)



இந்தத் தலைப்பைக் கேட்டதும், ‘இது பத்திரிகைக்காரங்க பேச வேண்டியதாச்சே, நமக்கு எதுக்கு?’ என்று சிலர் நினைக்கலாம். நாட்டில் எங்கேயாவது ஒரு குண்டு வெடித்தால் அடுத்த பத்து நிமிஷத்தில் என்ன நடக்குது என்று யோசிச்சுப் பாருங்க. டிவி போடுவதற்கு முன்னாடியே வாட்ஸ்அப் குரூப்பில் வீடியோ வந்துடுது. யார் செஞ்சாங்க, எந்த மதம், எந்த ஊர் என்று முடிவே பண்ணிடறாங்க. அந்தப் பத்து நிமிஷத்தில் பல்லாயிரம் பேர் பார்க்கும் பக்கங்களை நடத்துகிற நாமும் ஒரு ஊடகம்தான். அதனால் இது நம்ம தலைப்பும்தான்.

நான் சொல்ல வருவது ஒரே ஒரு விஷயம். தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போது கேமராவைக் கொஞ்ச நேரம் தள்ளி நிற்கச் சொல்லலாம். அதில் நியாயம் இருக்கு. ஆனா தாக்குதல் முடிஞ்ச பிறகு எழும் கேள்வியைத் தள்ளி நிற்கச் சொல்ல எந்த அரசுக்கும் உரிமை கிடையாது. இந்த ரெண்டும் வேற வேற. ஆட்சியில் இருப்பவர்கள் ரெண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி நம்ம கையில் கொடுப்பாங்க. பிரிச்சுப் பார்க்க நாம கத்துக்கணும்.

முதலில் கேமரா பக்கம்.

2008 நவம்பர் 26, மும்பை. பத்து பேர் கடல் வழியாக வந்தார்கள். சத்ரபதி சிவாஜி ரயில் நிலையம், காமா மருத்துவமனை, லியோபோல்ட் கஃபே, தாஜ், ஓபராய், நரிமன் ஹவுஸ் என்று நகரத்தையே சுட்டார்கள். நவம்பர் 29 காலை வரை நீடித்த அந்தத் தாக்குதலில் 166 பேர் உயிரிழந்தார்கள். அத்தனை மணி நேரமும் சேனல்கள் நேரலையில் இருந்தன. நரிமன் ஹவுஸ் மொட்டை மாடியில் ஹெலிகாப்டரிலிருந்து கமாண்டோக்கள் கயிறு பிடித்து இறங்குவதை நாடே பார்த்தது. நாடு மட்டுமா பார்த்தது? பாகிஸ்தானில் உட்கார்ந்து இந்தப் பத்துப் பேருக்கும் போனில் உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தவர்களும் அதே டிவியைத்தான் பார்த்தார்கள். வெளியே என்ன நடக்குது என்று பார்த்துப் பார்த்து உள்ளே இருப்பவனுக்குச் சொன்னார்கள்.

இது நம்ம கற்பனை இல்லை. கசாப் வழக்கில் 2012 ஆகஸ்ட் 29 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பிலேயே இது இருக்கு. நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், சி.கே.பிரசாத் அமர்வு, பதிவு செய்யப்பட்ட அந்தப் போன் உரையாடல்களை வைத்துச் சேனல்களைக் கடுமையாகக் கண்டித்தது. பாதுகாப்புப் படையினரின் உயிருக்கு ஆபத்து ஏற்படும்படி நேரலை செய்ததற்குப் பேச்சுச் சுதந்திரத்தைக் காரணம் காட்ட முடியாது என்றது. தேசநலனுக்காக அல்ல, வியாபாரத்துக்காகவே அப்படிச் செய்தார்கள் என்றும் சொன்னது.

இது முதல் தடவையும் இல்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் வீரர்களைப் பிணைக்கைதிகளாகப் பிடித்து வைத்திருந்தபோது, போலீஸ்காரர்கள் மாடியில் ஏறுவது டிவியில் போனது. உள்ளே இருந்த ஆயுததாரிகளும் டிவி பார்த்தார்கள். அந்த முயற்சியையே போலீஸ் கைவிட வேண்டியதாயிற்று. 36 வருஷம் கழிச்சு மும்பையில் அதே தப்பு.

ஆக, கமாண்டோ எந்தப் பக்கம் இருந்து வர்றான் என்பதைக் காட்டாதே என்றால், அது பத்திரிகைச் சுதந்திரத்தைப் பறிப்பது ஆகாது. அதை நாம தைரியமா ஒத்துக்கணும். காட்டாமல் இருந்தால் மக்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. மூணு மணி நேரம் கழிச்சு அதே காட்சியைக் காட்டலாம்.

இப்போ அதே மும்பையின் இன்னொரு பக்கத்தைப் பாருங்க.

அதே முதல் நாள் இரவு ரயில் நிலையத்துக்குள் ‘மும்பை மிரர்’ பத்திரிகையின் புகைப்படக்காரர் செபாஸ்டியன் டிசோசா இருந்தார். கையில் துப்பாக்கி இல்லை, கேமரா மட்டும்தான். தோளில் பையும் கையில் ஏகே துப்பாக்கியுமாக நடந்துவரும் கசாபின் படம் நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கே, அதை எடுத்தவர் அவர்தான். பிறகு நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னார். படங்கள் வழக்கில் ஆதாரமாயின. அதனால் ‘ஊடகம்னாலே தேசத்துக்கு ஆபத்து’ என்று யாராவது சொன்னால் இந்தப் படத்தை ஞாபகப்படுத்துங்க.

அப்புறம் இன்னொன்று. தாக்குதல் முடிந்ததும் பத்திரிகைகள் கேள்வி கேட்க ஆரம்பித்தன. கடலோரக் காவல் எங்கே போனது? டெல்லிப் பக்கத்திலிருந்து என்.எஸ்.ஜி. வந்து சேர ஏன் அவ்வளவு நேரம்? போலீஸ்காரர்கள் போட்டிருந்த குண்டு துளைக்காத உடை எந்த லட்சணத்தில் இருந்தது? முதலமைச்சர் விலாஸ்ராவ் தேஷ்முக் தாஜ் ஹோட்டலைப் பார்வையிடப் போனபோது சினிமா இயக்குநர் ராம் கோபால் வர்மாவும் கூடப் போனது டிவியில் வந்து நாடே கொதித்தது. விளைவு என்ன? உள்துறை அமைச்சர் சிவராஜ் பாட்டீல் பதவி விலகினார். மகாராஷ்டிரத் துணை முதலமைச்சர் ஆர்.ஆர்.பாட்டீல் விலகினார். தேஷ்முக்கும் விலகினார். என்.எஸ்.ஜி.க்கு டெல்லியை விட்டு வெளியே நாலு நகரங்களில் மையங்கள் வந்தன. அதில் ஒன்று நம்ம சென்னை. இன்னிக்குச் சென்னையில் ஏதாவது நடந்தால் கமாண்டோக்கள் டெல்லியிலிருந்து விமானம் ஏற வேண்டியதில்லை. மும்பையில் ஏன் தாமதமாச்சு என்று அன்னிக்கு விடாமல் கேட்டதில் இதற்கும் பங்கு உண்டு.

‘இந்த நேரத்தில் கேள்வி கேட்காதே, படையின் மனஉறுதி குலைஞ்சிடும்’ என்று அன்னிக்கு எல்லாரும் வாயை மூடியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா?

இப்போ புல்வாமாவுக்கு வாங்க. 2019 பிப்ரவரி 14. நாற்பது சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் இறந்தார்கள். அதில் ரெண்டு பேர் நம்ம ஆளுங்க. ஒருத்தர் அரியலூர் மாவட்டம், ஒருத்தர் தூத்துக்குடி மாவட்டம். அவ்வளவு வெடிமருந்து ஏற்றிய வண்டி அந்த நெடுஞ்சாலைக்கு எப்படி வந்தது? வீரர்களை விமானத்தில் அனுப்பாமல் ஏன் சாலையில் அனுப்பினார்கள்? அன்னிக்கு இதைக் கேட்டவர்களுக்கு என்ன பேர் வெச்சாங்கன்னு உங்களுக்கே தெரியும். அப்போது ஜம்மு காஷ்மீர் ஆளுநராக இருந்த சத்யபால் மாலிக், நாலு வருஷம் கழித்து 2023-ல் ஒரு பேட்டியில், விமானம் கேட்டும் தரப்படவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். அவர் சொன்னது சரியா தப்பா என்று விசாரித்து மக்களிடம் சொல்வதுதானே முறை? அரியலூரிலும் தூத்துக்குடியிலும் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குப் பதில் தெரிய உரிமை இருக்கா, இல்லையா?

பஹல்காமிலும் இதே கதை. 2025 ஏப்ரல் 22-ல் சுற்றுலா போன இடத்தில் 26 பேரைக் கொன்றார்கள். அந்தப் புல்வெளியில் ஏன் பாதுகாப்பு இல்லை என்று கேட்டவர்களை முதல் சில வாரம் துரோகிகள் மாதிரி பேசினாங்க. ஜூலை மாதம் துணைநிலை ஆளுநர் மனோஜ் சின்ஹாவே அது பாதுகாப்புக் குறைபாடுதான், பொறுப்பை ஏற்கிறேன் என்றார். அப்போ கேட்ட கேள்வி சரியான கேள்விதானே?

அடுத்து, சட்டம் என்ன சொல்லுது என்று பார்ப்போம்.

நம்ம அரசியலமைப்பில் ‘பத்திரிகைச் சுதந்திரம்’ என்று தனியா ஒரு பிரிவு கிடையாது. 19(1)(அ) எல்லாக் குடிமகனுக்கும் கொடுக்கும் பேச்சுரிமைதான் பத்திரிகைக்கும். நிருபருக்கு இருப்பது உங்களுக்கும் எனக்கும் இருக்கிற அதே உரிமை. அவர் வாயை மூடும் சட்டம் நாளைக்கு நம்ம பக்கத்தையும் மூடும். 19(2)-ல் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்று இருக்கு.

இந்தச் சண்டை ஆரம்பித்ததே நம்ம சென்னையில்தான். ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற பத்திரிகை உள்ளே வரக் கூடாது என்று அன்றைய மதராஸ் அரசு தடை போட்டது. ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் வழக்குப் போட்டார். 1950-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. அடுத்த வருஷமே முதல் அரசியலமைப்புத் திருத்தம் கொண்டுவந்து ‘பொது ஒழுங்கு’ என்ற வார்த்தையைச் சேர்த்தார்கள். கூடவே ‘நியாயமான’ என்ற வார்த்தையும் வந்தது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இன்று வரை ஒவ்வொரு வழக்கிலும் வாதாடுகிறார்கள்.

தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளைச் சேனல்கள் நேரலை செய்யக் கூடாது, நடவடிக்கை முடியும் வரை நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது சொல்லும் தகவலோடு நிறுத்திக்கொள்ளணும் என்று 2015-ல் கேபிள் டிவி விதிகளில் சேர்த்தார்கள். விதியைப் படித்தால் நியாயமாகத்தான் இருக்கு. ஆனா அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் பாருங்க. 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத் தாக்குதல். முக்கியமான தகவல்களை வெளியிட்டதாகச் சொல்லி, பத்து மாசம் கழித்து என்.டி.டி.வி. இந்தியா சேனலை ஒரு நாள் முழுக்க மூட ஒன்றிய அரசு உத்தரவு போட்டது. மற்ற சேனல்களும் பத்திரிகைகளும் வெளியிட்ட அதே தகவல்தான், எங்களை மட்டும் ஏன் பிடிக்கிறீங்க என்று சேனல் கேட்டது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. உத்தரவை அரசே நிறுத்தி வைத்தது.

விதி நல்லா இருந்தும், யார் மேல் பாயணும் என்பதை அமைச்சகத்தில் இருப்பவரே முடிவு பண்ணினால் இதுதான் நடக்கும்.

வெளிநாட்டிலும் இதே மாதிரி ஒரு கூத்து நடந்திருக்கு. பிரிட்டனில் 1988-ல் தாட்சர் அரசு, வட அயர்லாந்துப் பிரச்சினையில் சில அமைப்புகளின் பிரதிநிதிகள் பேசுவதை ஒலிபரப்பக் கூடாது என்று தடை போட்டது. அதில் ஷின் ஃபெயினும் உண்டு. அது சட்டப்படி இயங்கிய கட்சி. அதன் தலைவர் ஜெர்ரி ஆடம்ஸ் தேர்தலில் ஜெயித்த எம்.பி. சேனல்கள் என்ன செய்தன தெரியுமா? ஆடம்ஸ் முகத்தைக் காட்டி, அவர் வாயசைவுக்கு நடிகர்களை வைத்து டப்பிங் கொடுத்தன! ஆறு வருஷம் இப்படியே ஓடி, 1994-ல் தடையை எடுத்தார்கள். 1998-ல் சமாதான ஒப்பந்தம் வந்தபோது அதே ஷின் ஃபெயின் பேச்சுவார்த்தை மேஜையில் இருந்தது.

இப்போ கனமான பகுதி. நேரலைக்குக் கட்டுப்பாடு என்று ஆரம்பிக்கும் பேச்சு, நிருபரையே தீவிரவாதி ஆக்கும் இடத்தில் போய் முடிகிறது.

தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்லை. 2003-ல் நக்கீரன் கோபாலைப் பொடா சட்டத்தில் கைது செய்து சிறையில் அடைத்தார்கள். தீவிரவாதிகளுக்காகக் கொண்டுவந்த சட்டம் என்று சொல்லித்தான் 2002-ல் அதை நிறைவேற்றினார்கள். ஒரே வருஷத்தில் பத்திரிகை ஆசிரியர் வீட்டுக் கதவைத் தட்டியது. 2004-ல் பொடாவை ரத்து செய்தார்கள். ஆனா அதன் கடுமையான பல அம்சங்கள் உபா சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை உள்ளே வைக்கலாம், ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு என்ற நிலைமையை 2008-ல், மும்பைத் தாக்குதல் முடிந்த கையோடு, காங்கிரஸ் ஆட்சியில் கொண்டுவந்தார்கள். தனிநபரையும் தீவிரவாதி என்று அறிவிக்கலாம் என்று 2019-ல் பா.ஜ.க. ஆட்சி சேர்த்தது. எந்த ஆட்சி கொண்டுவந்தாலும் தப்பு தப்புதான்.

கேரளப் பத்திரிகையாளர் சித்திக் காப்பன் 2020 அக்டோபரில் ஹத்ராஸ் கொடுமையைப் பற்றிச் செய்தி சேகரிக்கப் போன வழியிலேயே கைது. உபா பாய்ந்தது. சிறையிலிருந்து வெளியே வந்தது 2023 பிப்ரவரி. ரெண்டு வருஷத்துக்கு மேல்! நியூஸ்கிளிக் ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தாவை 2023 அக்டோபரில் உபாவில் பிடித்தார்கள். கைதுக்கான காரணத்தை எழுத்துபூர்வமாகக் கொடுக்கவில்லை, அதனால் கைதே செல்லாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனா நடுவில் போன ஏழு மாசத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

காஷ்மீரில் 2019 ஆகஸ்ட்டில் இணையத்தை நிறுத்தினார்கள். 4ஜி முழுசாகத் திரும்பி வந்தது 2021 பிப்ரவரியில். ஒரு ரூமில் ஷார்ட் சர்க்யூட் ஆனால் அந்த ரூம் ஸ்விட்சை இறக்குவோம். ஊர் டிரான்ஸ்ஃபார்மரையே ஒன்றரை வருஷம் நிறுத்தி வைப்போமா? ‘காஷ்மீர் டைம்ஸ்’ ஆசிரியர் அனுராதா பாசின் போட்ட வழக்கில்தான், முடக்க உத்தரவுகளை வெளியிடணும், காலவரையறை இல்லாமல் இணையத்தை முடக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இவ்வளவு சொல்லிவிட்டு ஊடகங்களின் தவறைச் சொல்லாமல் போனால் அது நேர்மை இல்லை.

2002 அக்‌ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் ஆறு பேரைக் குற்றவாளிகள் என்றார்கள். மூணு பேருக்குத் தூக்கு. கடைசியில் உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுதலை செய்தது. தேதி 2014 மே 16. நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்த நாள்! எந்த டிவி அந்த விடுதலையைப் பேசியிருக்கும்? பிடிக்கும்போது முதல் பக்கம், விடும்போது மூலையில் ரெண்டு வரி.

2025 மே மாதம் எல்லையில் சண்டை நடந்தபோது கராச்சித் துறைமுகத்தையே அழிச்சாச்சு என்று சில தேசியச் சேனல்கள் பிரேக்கிங் போட்டன. அப்படி எதுவும் நடக்கவில்லை. பூஞ்ச்சில் பாகிஸ்தான் குண்டுவீச்சில் செத்துப்போன ஒரு மதரஸா ஆசிரியரை, கொல்லப்பட்ட தீவிரவாதி என்று படம் போட்டுக் காட்டினார்கள். போலீஸே மறுத்தது. பிறகு உள்ளூர் நீதிமன்றம் வழக்குப் பதிய உத்தரவிட்டது. நாட்டுக்காக எல்லையில் வாழ்ந்து, எதிரி குண்டில் செத்தவருக்கு ‘தீவிரவாதி’ பட்டம். அந்தக் குடும்பத்தை நினைச்சுப் பாருங்க.

இதே நேரத்தில் ‘தி வயர்’ தளத்தை முடக்கினார்கள். கராச்சியை அழித்த சேனல்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. பொய்க்குத் தடை இல்லை, கேள்விக்குத்தான் தடை. இதைத்தான் நாம எதிர்க்கிறோம்.

சரி, நாளைக்கு ஒன்று நடந்தால் நாம என்ன செய்யணும்? நாலு விஷயம் சொல்றேன். பக்கம் நடத்துகிற ஒவ்வொரு அட்மினும் குறிச்சு வெச்சுக்கங்க.

ஒன்று. நடவடிக்கை முடியும் வரை படை நகர்வு, இடம், வீடியோ எதையும் நம்ம பக்கத்தில் போடாதீங்க. எவ்வளவு ஷேர் வரும் என்று பார்க்காதீங்க.

இரண்டு. பெயர், மதம், படம் எதையும் நாமாகக் கண்டுபிடிக்க வேண்டாம். 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பில் இணையத்தில் ஒரு கூட்டம் துப்பறியக் கிளம்பி, காணாமல் போயிருந்த ஒரு இந்திய வம்சாவளி மாணவரைக் குற்றவாளி என்று பரப்பியது. அந்தப் பையனுக்கும் குண்டுக்கும் சம்பந்தமே இல்லை. சில நாளில் அவர் உடல் கிடைத்தது. மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு அந்த வாரம் வந்த வசவுகளை யோசிங்க.

மூன்று. கொன்றவனை ஹீரோ ஆக்காதீங்க. 2019-ல் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன் அதை ஃபேஸ்புக்கில் நேரலை செய்தான். முதல் 24 மணி நேரத்தில் மட்டும் 15 லட்சம் வீடியோக்களை நீக்கியதாக ஃபேஸ்புக் சொன்னது. அத்தனையும் அவன் போட்டதா? ஃபார்வர்டு பண்ணினவர்கள் போட்டது. நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் அவன் பெயரைச் சொல்லவே மாட்டேன் என்றார். செத்தவர்களின் பெயரைச் சொல்லுங்க என்றார். அதே சமயம் அவன் மேல் நடந்த வழக்கை அந்த நாட்டுப் பத்திரிகைகள் மறைக்கவில்லை. தங்களுக்குள் பேசி விதிமுறை வகுத்துக்கொண்டு, பொறுப்பாகச் செய்தி போட்டன.

நான்கு. இது கொஞ்சம் கசக்கும். நம்மைக் கேள்வி கேட்கும் நிருபரைப் படம் போட்டு, போன் நம்பர் போட்டு, ‘விலை போனவர்’ என்று திட்டுவதை நம்ம ஆதரவாளர்கள் யார் செய்தாலும் அது தப்புதான். பெண் நிருபர்களை எப்படியெல்லாம் பேசுறாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. பதில் இருந்தால் ஆதாரத்தோடு பதில் போடுவோம். காப்பனுக்காக ஹேஷ்டேக் போட்டுவிட்டு, நம்ம ஊர் நிருபரை ட்ரோல் பண்ணினால் அந்த ஹேஷ்டேக்குக்கு என்ன மரியாதை? நாளைக்கு நாம ஆட்சிக்கு வந்தாலும் இதே கேள்விகள் நம்ம பக்கம் வரும். வரணும்.

அரசு அடுத்த முறை ‘பாதுகாப்புக்காக’ என்று சொல்லி ஒரு கட்டுப்பாடு போட்டால் இந்த நாலு கேள்வியைக் கேளுங்க. எத்தனை மணி நேரத்துக்கு? எந்த இடத்துக்கு? உத்தரவு எழுத்தில் இருக்கா? கோர்ட்டில் எதிர்த்துப் போக வழி இருக்கா? நாலுக்கும் நேரான பதில் இருந்தால் ஒத்துழைப்போம். ஒன்றுக்குப் பதில் இல்லைன்னாலும் எதிர்ப்போம்.

தீவிரவாதிக்கு வேண்டியது நாம பயப்படணும், ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்படணும், பேசாமல் அடங்கணும். அவன் குண்டு போட்டும் நடக்காததை நம்ம அரசாங்கமே அவனுக்குச் செய்து கொடுக்கக் கூடாது.

உங்க மாவட்டக் குழுக்களில் அந்த நாலு விஷயத்தை மட்டுமாவது தனியா எடுத்துப் போடுங்க. கருத்து வேறுபாடு இருந்தால் கீழே எழுதுங்க, பேசலாம்.



#ஊடகசுதந்திரம் #கேள்விகேட்போம் #பொறுப்பாகப்பகிர்வோம்